வலியறிதல்: முள்ளந்தண்டு நொந்த மல்லனும் அவன் பயிற்சியும்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என்றோர் அதிகாரம் வகுத்துள்ளார். ஒரு வினையை மேற்கொள்பவன் அச்செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவர் வலி ஆகிய நான்கினையும் சீர்தூக்கிய பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. ஆண்டு வலி என்னும் சொல் ஆற்றலைக் குறித்தது. இன்றைய வழக்கிலோ அது நோவையே பெரிதும் குறிக்கின்றது. ஆற்றலுக்கும் நோவுக்கும் ஒரே சொல் வழங்குதல் தமிழ் பயில்வார்க்குச் சுவையான செய்தி. உடலைப் பழக்குவார்க்கு அஃது ஒரு பாடமுமாம். முதுகில் ஊறுபட்ட பின்னும் போர்க்கலை பயில விழையும் இளைஞன், இவ்விரு பொருளிலும் தன் வலியை அறிதல் வேண்டும். அவ்வறிவின் இயல்பினையும் அதனைப் பெறும் வழியினையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலப்புப் போர்க்கலை

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 80ஆம் பாட்டிற் சாத்தந்தையார் என்னும் புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சியைப் புனைந்துள்ளார். அவனுடைய ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மறுகால் பின்புறமாகச் சென்று அவன் சூழ்ச்சியைத் தடுத்தது என்பது அப்பாட்டாற் பெறப்படும். வியாச பாரதத்துச் சபாபருவமோ சராசந்தனுடைய முடிவைக் கூறுமிடத்து, வீமன் அவனைத் தூக்கிச் சுழற்றித் தன் முழந்தாளால் அவன் முதுகெலும்பை முறித்தான் என்கின்றது. தோளும் தொடையும் எத்துணைத் திரண்டிருப்பினும் மல்லனின் உயிர்நிலை முள்ளந்தண்டே என்பதனை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

குத்தும் உதையும் பிடியும் ஒருங்கே அமைந்த போட்டி பழைய கிரேக்கத்திலும் இருந்தது. பங்கிரேசன் எனப் பெயரிய அப்போட்டி கி.மு. 648இல் ஒலிம்பிய விழாவிற் சேர்க்கப்பட்டது. இக்காலத்துக் கலப்புப் போர்க்கலை உலகறியத் தோன்றியது 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த போட்டியிலாகும். குத்துச்சண்டை, கராத்தே, மல்யுத்தம் முதலிய பல துறையினர் கலந்துகொண்ட அப்போட்டியில், பிரேசில் நாட்டு யுயுற்சு பயின்ற மெல்லிய உடலினராகிய ரொய்ஸ் கிரேசி வெற்றி பெற்றார். ஒரு கலையில் மட்டும் தேர்ந்தவன் மற்றொரு கலைக்கு முன் திகைத்து நிற்பான் என்பது அன்று வெளியாயிற்று. அதன் பின்னர் வீரர் அனைவரும் நின்று அடித்தல், கட்டிப் பிடித்து வீழ்த்தல், தரையிற் கிடந்து மடக்கல் என்னும் மூன்றினையும் பயிலத் தொடங்கினர்.

முதலில் விதிகள் மிகச் சிலவே இருந்தன. பின்னர் வகுக்கப்பட்ட பொது விதிகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. முள்ளந்தண்டின் மீதும் பிடரியின் மீதும் அடித்தல் குற்றம். எதிரியைத் தலையோ கழுத்தோ தரையிற் குத்துமாறு தலைகீழாக வீழ்த்துதலும் குற்றம். போட்டி மேடையில் மாற்றானிடமிருந்து முதுகைக் காக்க விதி உண்டு, நடுவர் உளர். பயிற்சிக் கூடத்தில் வீரனிடமிருந்தே அவன் முதுகைக் காக்க எந்த நடுவரும் இலர். முதுகின் ஊறுகளிற் பல பயிற்சியின்போதே நேர்கின்றன என்பதனைக் கருதும்போது இதன் முக்கியத்துவம் நன்கு புலனாகும்.

மலைநாடும் முதுகுச் சுமையும்

இப்பொருள் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் வாழ்வார்க்குச் சிறப்பாக உரியது. 1820களில் தொடங்கிக் கோப்பிப் பயிருக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைத் தொழில்முறையிற் பயிரிட்ட பின்னர் அதற்காகவும், தமிழகத்திலிருந்து வந்த மக்கள் காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கர் கதையையும் கொணர்ந்தவாறே சிலம்பத்தையும் கொணர்ந்தனர். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிற் கம்பு சுழற்றியோரின் பேரப்பிள்ளைகள் இன்று கராத்தேயும் குத்துச்சண்டையும் பயில்கின்றனர். கலப்புப் போர்க்கலையைத் திரையிற் கண்டு அதன்பால் ஈர்க்கப்படுகின்றனர். வீரக்கலையின் மீது அவர்க்குள்ள பற்றுப் பாராட்டத்தக்கதே.

எனினும் மலைநாட்டு இளைஞன் பயிற்சிக் கூடத்துட் புகும்போது அவன் முதுகு ஏற்கெனவே ஒரு நாட் பணியை முடித்திருக்கும். லயத்துப் படிக்கட்டுகளில் நீர்க்குடம் ஏற்றியதும், சரிவில் விறகுக் கட்டுச் சுமந்ததும், கவ்வாத்து வெட்டக் குனிந்ததும், கொழுந்து மூட்டையை வண்டிக்கு ஏற்றியதும் எல்லாம் அம்முதுகே. கொழுந்து பறிக்கும் தாய்மார் தலையிற் கயிறு கோத்து முதுகிற் கூடை தொங்க, நாட்பேர் பெறுதற்கு 18 கிலோ அளவிற் கொழுந்து சேர்க்கும் உழைப்பினை யாவரும் அறிவர். அவ்வுழைப்பை எவரும் பயிற்சி என்று எண்ணுவதில்லை. ஆயின் முள்ளந்தண்டு கூலிக்குச் சுமந்த பாரத்தையும் கலைக்காகத் தூக்கிய பாரத்தையும் வேறுபடுத்தி அறியாது. அதற்கு இரண்டும் ஒரே கணக்கு.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் மயிற்பீலி வண்டியின் உவமை இவ்விடத்து நினைவிற் கொள்ளத்தக்கது. பீலி மெல்லியதாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்றார் அவர். முறியச் செய்தது கடைசிப் பீலி மட்டுமன்று. முன்னரே ஏற்றப்பட்ட அனைத்துமாம். பயிற்சியின்போது ஒருநாள் திடீரெனப் பற்றிக்கொள்ளும் முதுகுநோவு பெரும்பாலும் இவ்வகையினதே. ஆதலின் தோட்டத்து இளைஞனுக்குப் பயிற்சி வகுக்கும் ஆசான், கூடத்தில் அவன் செய்வனவற்றோடு கூடத்துக்கு வெளியே அவன் சுமப்பனவற்றையும் கேட்டறிந்து கூட்டிக் கணக்கிடுதல் வேண்டும்.

முள்ளந்தண்டின் அமைப்பு

நோவினை அறிதற்கு முதற்கண் நொந்த உறுப்பை அறிதல் வேண்டும். மனிதனின் முள்ளந்தண்டு 33 முள்ளென்புகளால் ஆயது. கழுத்தில் 7, நெஞ்சறைப் பகுதியில் 12, நாரியில் 5, ஒன்றாய் இணைந்த திருவென்பில் 5, குயிலலகில் 4 என அவை அமைந்துள்ளன. அசையும் முள்ளென்புகளுக்கு இடையே இடைத்தட்டுகள் 23 உள்ளன. ஒவ்வோர் இடைத்தட்டும் புறத்தே வலிய நார் வளையங்களையும் அகத்தே நீர் செறிந்த பாகு போன்ற கருவையும் உடையது. குதித்தலாலும் விழுதலாலும் எழும் அதிர்ச்சியை அவை தாங்குகின்றன. அவற்றுக்குக் குருதியோட்டம் மிகக் குறைவு. அதனாலேயே தசையில் உண்டான புண் விரைந்து ஆறுமாறு இடைத்தட்டில் உண்டான சிதைவு ஆறுவதில்லை.

போர்க்கலை பயில்வோர்க்கு வரும் முதுகு ஊறுகளுள் மூன்று பெரிதும் காணப்படும். முதலாவது, தசையும் தசைநாரும் பிசகுதல். இது மிகவும் பொதுவானது. சில வாரங்களில் ஆறிவிடும். இரண்டாவது, இடைத்தட்டின் நார் வளையம் கிழிந்து அகக்கரு பின்புறமாகப் பிதுங்கி நரம்பு வேரை உறுத்துதல். நாரியின் கடைசி இரண்டு தட்டுகளிலேயே இது மிகுதியாக நிகழும். குனியும்போதும் நெடுநேரம் அமரும்போதும் தும்மும்போதும் நோவு மிகும்; அது பிட்டத்தின் வழியே காலிற் பரவுதலும் உண்டு. காலில் இறங்கும் நோவுக்கும் இடைத்தட்டின் பிதுக்கத்துக்கும் உள்ள தொடர்பினைப் பொஸ்டன் நகர மருத்துவராகிய மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் 1934இல் வெளியிட்ட கட்டுரை தெளிவாக நிறுவிற்று. மூன்றாவது, முள்ளென்பின் பின்வளைவில் உண்டாகும் நுண்ணிய முறிவு. வளரும் பருவத்தினர் முதுகைப் பின்னே வளைத்தும் முறுக்கியும் மீண்டும் மீண்டும் பயில்வதால் இது நேர்கின்றது. மல்லர்க்கும் வேகப் பந்து வீச்சாளர்க்கும் இது வருவதுண்டு. பின்னே வளையும்போது நோவு மிகுதல் இதன் குறி.

இம்மூன்றும் நாரிப்பிடிப்பு என்னும் ஒரே பெயரால் வழங்கப்படினும், ஒன்றுக்கு ஆகும் பயிற்சி மற்றொன்றுக்கு ஆகாது. இடைத்தட்டுப் பிதுங்கியவனுக்குக் குனிதல் தீது. என்பில் நுண்முறிவு உற்றவனுக்குப் பின்வளைதல் தீது. 15 வயது மாணவன் ஒருவனுக்குப் பின்வளையும்போது எழும் நோவு மூன்று வாரம் நீடிக்குமாயின், அதனைத் தசைப்பிடிப்பென்று எண்ணி எண்ணெய் தடவிக் காலங்கழித்தல் தகாது. முறிவு தொடக்கத்திலேயே அறியப்பட்டால், ஏறத்தாழ மூன்று மாதம் அவ்விளையாட்டினின்று விலகியிருப்பதால் ஆறிவிடுதல் உண்டு. அறியாது தொடர்ந்து பயின்றால் அது நிலைத்த குறையாகிவிடும்.

புரூஸ் லீயின் வரலாறு

முதுகில் ஊறுபட்ட வீரருட் புகழ் மிக்கவர் புரூஸ் லீ. 1940இற் சான்பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்து ஹொங்கொங்கில் வளர்ந்த இவர், சீனக் கைப்போரோடு மேலைக் குத்துச்சண்டையினின்றும் வாட்போரினின்றும் கொள்வன கொண்டு ஜீத் குன் டோ என்னும் முறையை உருவாக்கினார். ஒரு பள்ளியின் மரபுக்குட் கட்டுண்ணாது பயன் தருவதை எங்கிருந்தும் கொள்ளல் வேண்டும் என்ற அவர் கொள்கை பற்றி, கலப்புப் போர்க்கலைக்கு அவரை முன்னோடி எனப் பலர் போற்றுவர்.

1970ஆம் ஆண்டு ஒருநாள் காலை, உடலை முன்னரே பதமாகச் சூடேற்றிக் கொள்ளாது, 125 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 57 கிலோ, நிறையுள்ள இரும்புத் தண்டைத் தோள்மீது கிடத்தி, இடுப்பு மடிய முன்னே குனிந்து நிமிரும் பயிற்சியை அவர் செய்தார். அந்நிறை அவர் உடல் நிறைக்குச் சற்றே குறைந்தது. அன்று அவருடைய கீழ் முதுகு ஊறுபட்டது. திருவென்பின் நான்காம் நரம்பு பழுதுற்றதென்றும், இனி அவர் காலுயர்த்தி உதைத்தல் இயலாதென்றும் மருத்துவர் உரைத்ததாக அவர் வரலாறு எழுதினோர் கூறுவர்.

ஏறக்குறைய ஆறு மாதம் அவர் பயிற்சியினின்று விலகியிருந்தார். அதன் முற்பகுதியைப் பெரும்பாலும் படுக்கையிற் கழித்தார். அக்காலத்தில் அவர் வாளாவிருந்தாரல்லர். நூல்களைக் கற்றார், தம் கலை பற்றிய எண்ணங்களைத் தாள் தாளாக எழுதிக் குவித்தார். அவர் மறைவுக்குப் பின் 1975இல் நூலாக வெளிவந்த ஜீத் குன் டோவின் நெறி என்பதற்கு அக்குறிப்புகள் பெரும் பகுதியாயின. பின்னர்ச் சிறிது சிறிதாகப் பயிற்சியை மீட்டுத் தொடங்கினார். 1971 முதல் 1973 வரை வெளிவந்த அவர் திரைப்படங்கள் எல்லாம் அந்த ஊறுக்குப் பின்னர் எடுக்கப்பட்டனவே. திரையில் அவர் காலுதையைக் கண்டு வியந்தோர் பலர். அம்முதுகின் நிலையை அறிந்தோர் சிலரே. முதுகு நோவு 1973இல் 32ஆம் வயதில் அவர் இறக்குந்துணையும் அவரை முற்றும் விட்டு நீங்கிற்றில்லை.

இவ்வரலாற்றில் மாணவர் கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும் உள. குளிர்ந்த உடலோடு பெருஞ்சுமை ஏற்றியது தள்ளத்தக்கது. முதுகுக்கு ஆகாத நாளிலும் அறிவைப் பயிற்றியது கொள்ளத்தக்கது. உடல் ஓய்ந்திருக்கும் காலத்திலும் கலை ஓய்ந்திருத்தல் வேண்டுவதில்லை. நீண்ட படுக்கை ஓய்வைப் பற்றியோ இன்றைய மருத்துவம் வேறு கருத்துடையது. அதனை அடுத்து நோக்குவாம்.

ஓய்வா, உழைப்பா?

முதுகு நொந்தால் அசையாது படுத்திருத்தல் வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. 1986இல் அமெரிக்காவில் டேயோ என்பாரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. 203 நோயாளருட் சிலர்க்கு இரண்டு நாள் ஓய்வும், சிலர்க்கு ஏழு நாள் ஓய்வும் விதிக்கப்பட்டன. இரண்டு நாள் ஓய்வு விதிக்கப்பட்டோர் குணமடைவதிற் பின்தங்கவில்லை. அவர்கள் தொழிலுக்குச் செல்லாத நாட்களோ 45 விழுக்காடு குறைவாயிருந்தன. 1995இற் பின்லாந்தில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வில், படுக்கையிற் கிடந்தோரினும், நோவு மிக்க தொடக்க நாட்களிலேயே முதுகுக்கெனத் தனிப்பயிற்சி செய்தோரினும், நோவு இடங்கொடுக்கும் அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தோரே விரைவில் நலமடைந்தனர். இடைத்தட்டுப் பிதுங்கியோரிலும் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அறுவைச் சிகிச்சையின்றியே நலமுறுகின்றனர்.

இதனை அறிந்தோர் சிலர் மறுகோடிக்குச் சென்று, நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துப் பயில்வதே வீரம் என்பர். அதுவும் பிழையே. சுவீடன் நாட்டு மருத்துவராகிய நாகெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் இடைத்தட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், மல்லாந்து படுக்கும்போது அஃது 25 ஆகக் குறைந்தது. சுமையோடு முன்னே குனியும்போது 220 ஆக உயர்ந்தது. அமர்ந்திருக்கும் நிலை பற்றி அவர் கண்ட அளவைப் பிற்கால ஆய்வாளர் திருத்தியுள்ளனர். எனினும் சுமையோடு குனிதலே இடைத்தட்டைப் பெரிதும் நெருக்கும் என்னும் முடிவு மாறவில்லை. புரூஸ் லீயின் காலைப் பயிற்சி எத்தகையது என்பதும், கூடையோடு சரிவிற் குனிவார் நிலை எத்தகையது என்பதும் இதனால் விளங்கும்.

ஊடுகாட்டும் படங்களைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. 1994இல் அமெரிக்காவில் முதுகுநோவு சிறிதுமில்லாத 98 பேரின் முள்ளந்தண்டைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தபோது, அவருள் 52 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஓர் இடைத்தட்டு உப்பியிருந்தமை காணப்பட்டது. ஆதலின் படத்தில் தட்டு உப்பியிருத்தல் கண்ட அளவில், இனி வாழ்நாளெல்லாம் கலையைக் கைவிடல் வேண்டும் என முடிவு செய்தல் பொருந்தாது. படமும் நோவும் உடலின் ஆற்றலும் ஒருங்கு வைத்து ஆராயப்படல் வேண்டும்.

காலந்தாழ்த்தலாகாத குறிகள்

சில குறிகள் தோன்றின் பயிற்சியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சிறுநீர் தடைப்படுதலும் அடக்கவியலாது வெளியேறுதலும், மலத்தை அடக்கும் ஆற்றல் இழத்தல், இரு தொடைகளுக்கும் இடைப்பட்ட பகுதி மரத்தல், கால் வலுவிழந்து பாதம் தொங்குதல், இரு கால்களிலும் நோவு பரவுதல் ஆகியன முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நெரிவதைக் காட்டும். சில மணி நேரத் தாழ்வும் நிலைத்த ஊனமாய் முடியக்கூடும். உயரத்திலிருந்து விழுந்த பின் எழும் கடுநோவும், காய்ச்சலோடு கூடிய முதுகுநோவும், இராப்பொழுதில் ஓய்விலும் தணியாத நோவும் மருத்துவர் பார்வைக்கு உரியன.

ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் 2017ஆம் ஆண்டு மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. மலைச்சரிவின் மேலேயுள்ள லயங்களிலிருந்து அங்கு வருதற்கு வண்டி தேடல் வேண்டும். ஒரு நாட்கூலியை இழத்தல் வேண்டும். அதனாலேயே பலர் முதலிற் சுளுக்கு எடுப்பாரையும், காலாற் பிறந்தவரைக் கொண்டு முதுகில் மிதிப்பிக்கும் வழக்கையும் நாடுகின்றனர். வெந்நீர் ஒத்தடமும் மெல்ல எண்ணெய் நீவுதலும் தசைப்பிடிப்புக்கு இதம் தருவன, அவற்றாற் கேடில்லை. காலில் மரமரப்போ வலுவிழப்போ உள்ளவன் முதுகை மிதிப்பித்தலோ, தீயது நேர்தற்கு இடமாகும்.

பயிற்சியின் படிகள்

மருத்துவர் தடையில்லை என்ற பின்னர்ப் பயிற்சியைப் படிப்படியாக மீட்டல் வேண்டும். முதற்படி நடத்தல். சமதரையில் நாளும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி நடத்தலே முதுகுக்கு முதல் மருந்து. மலைநாட்டிற் சமதரை அரிதாயினும் விளையாட்டுத் திடலேனும் வீதியேனும் கிடைக்கும். படிக்கட்டும் சரிவும் பின்னர் வருக.

இரண்டாம் படி, நடுவுடலை உறுதி செய்தல். கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த ஸ்டுவர்ட் மக்கில் இதற்கென மூன்று பயிற்சிகளைத் தெரிந்தெடுத்தார். மல்லாந்து படுத்து, நாரியின் கீழ்க் கைகளை வைத்து, ஒரு முழங்காலை மடக்கித் தலையையும் தோளையும் சிறிதளவே உயர்த்துதல் ஒன்று. ஒருக்களித்துப் படுத்து முழங்கையும் முழங்காலும், பின்னர்ப் பாதமும், ஊன்றி இடுப்பை உயர்த்தி நிறுத்துதல் மற்றொன்று. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று, வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டிப் பின் மாற்றிச் செய்தல் மூன்றாவது. ஒவ்வொரு நிலையையும் பத்து விநாடிக்கு மேற்படாமல் நிறுத்திப் பலமுறை செய்தல் வேண்டும். முதுகை வளைத்து வளைத்து வயிற்றுத் தசையை முறுக்கேற்றும் பழைய பயிற்சிகளைவிட, முதுகை அசையாது நிறுத்தும் இவை ஊறுபட்டவனுக்கு ஏற்றன.

மூன்றாம் படி, இடுப்பு மூட்டில் மடிதல் கற்றல். முள்ளந்தண்டு நேராய் நிற்க, பிட்டம் பின்னே செல்ல, இடுப்பு மூட்டிலிருந்து உடல் முன்னே சாய்தல் வேண்டும். நீண்ட கம்பொன்றைத் தலையின் பின்புறம், நடுமுதுகு, திருவென்பு ஆகிய மூன்றிடங்களையும் தொடுமாறு பிடித்துக்கொண்டு குனிந்தால், எவ்விடத்தில் முதுகு வளைகின்றதென்பது உடனே தெரியும். சிலம்பம் பயில்வோர் வீட்டில் அதற்குரிய கம்பு எப்போதும் உண்டு. இம்மடிப்பைக் கற்றவன் கூடத்தில் மட்டுமன்றி நீர்க்குடம் தூக்கும்போதும் மூட்டை ஏற்றும்போதும் தன் முதுகைக் காத்துக்கொள்வான்.

நான்காம் படி, எதிரியில்லாப் போர். காலடி வரிசையும் நிழற்குத்தும் முதலில் வருக. பின்னர் மூட்டையிற் குத்துதல். அதன்பின் தாழ்ந்த உதை. பக்கவாட்டில் உதைக்கும்போது ஊன்றிய பாதம் முழுதும் திரும்புதல் வேண்டும். பாதம் தரையில் ஒட்டி நிற்பின் திருகல் முழுதும் நாரியின் மேல் விழும். உயர்ந்த உதை இறுதியிலேயே வரற்பாலது.

ஐந்தாம் படி, எதிரியோடு பிடித்தல். இதிலேயே முதுகுக்கு இடர் மிகுதி. முதலில் ஒத்துப்போகும் துணைவனோடு மெல்லப் பயிலல் வேண்டும். தரையில் மல்லாந்து கிடந்து கால்களால் எதிரியைத் தடுக்கும் நிலையில், எதிரி மேலே ஏறி முழங்கால்கள் முகத்தருகே வருமாறு மடிப்பானாயின் நாரித் தட்டுகள் பெரிதும் நெரியும். இடைத்தட்டு ஊறுபட்டவன் அந்நிலைக்கு இடங்கொடாது பக்கவாட்டிற் புரளக் கற்றல் வேண்டும். அன்றேல் தரையைத் தட்டித் தோல்வியை ஏற்றல் வேண்டும். என்பில் நுண்முறிவு உற்றவனோ தலையூன்றி முதுகை வில்லாய் வளைக்கும் மல்லர் பயிற்சியை மருத்துவர் இசையும்வரை விலக்கல் வேண்டும். தூக்கி எறிதல் எல்லாவற்றிற்கும் பின்னது.

ஒரு படியினின்று அடுத்த படிக்கு ஏறுதற்குக் காலக்கணக்கு மட்டும் போதாது, நோவே அளவுகோல். பயின்ற மறுநாட்காலை நோவு முன்னைநாட் காலையினும் மிக்கிருப்பின் ஒரு படி இறங்குக. மிகாதிருப்பின் சிறிது கூட்டுக. ஒரே வேளையில் எண்ணிக்கையையும் சுமையையும் வேகத்தையும் கூட்டாது ஒன்றனை மட்டும் கூட்டுக. நோவு காலினின்று நீங்கி முதுகின் நடுவே ஒடுங்குதல் நற்குறி. முதுகினின்று காலில் இறங்குதல் தீக்குறி. நியூசிலாந்து நாட்டு இயன்மருத்துவராகிய ரொபின் மக்கென்சி 1956இல் ஒரு நோயாளரிடம் தற்செயலாகக் கண்டு பின்னர் நெறிப்படுத்திய உண்மை இது. நோவு மாத்திரை உட்கொண்டு பயிலுதல் இவ்வளவுகோலையே முறித்தெறிதலாகும்.

மலைநாட்டிற்கெனச் சேர்க்கத்தக்கன இரண்டு உள. இரவில் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருத்தலின் விழித்தெழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனிதல் தகாது. அதிகாலையிற் பயில்வோர் இதனை மறவற்க. மேலும் ஹட்டனின் குளிரில் உடல் பதம்பெற நீண்ட நேரம் செல்லும். வியர்வை அரும்பும்வரை மெல்லோட்டமும் கைகால் அசைத்தலும் செய்த பின்னரே பயிற்சி தொடங்கல் வேண்டும்.

ஆசானின் கடமை

குமரி நாட்டு அடிமுறை ஆசான்கள் போர்க்கலையையும் வைத்தியத்தையும் ஒருங்கே பயின்றனர். உடலின் வர்மத் தானங்களைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 ஆக வகுத்த அவர்கள், அடிக்கும் முறையோடு அவ்வடியை இளக்கும் முறையையும் கற்றனர். இளக்கத் தெரியாதவன் அடிக்கக் கற்பிக்கத் தகுதியில்லாதவன் என்பது அம்மரபின் உட்கிடை. அவர்தம் வைத்திய முறைகள் அனைத்தையும் இன்றைய மருத்துவம் ஏற்குமோ என்பது வேறு வினா. ஆசான் என்பவன் மாணவனின் உடலுக்குப் பொறுப்பாளன் என்னும் கொள்கை என்றும் ஏற்கத்தக்கது.

முதுகு ஊறு பெரும்பாலும் மறைக்கப்படுகின்றது. போட்டியிலிருந்து நீக்கப்படுவோம் என்று மாணவன் ஆசானிடம் மறைக்கின்றான். பயிற்சிக்கு விடமாட்டார் என்று வீட்டில் மறைக்கின்றான். பேர் விழாது என்று அவன் தாய் தன் முதுகுநோவை நெடுங்காலமாக மறைத்து வருவதைக் கண்டு வளர்ந்தவன் அவன். நோவை மறைத்தலே வலிமை என்று அவன் கருதுதலில் வியப்பில்லை. எனவே நோவைச் சொன்ன மாணவன் கூடத்தினின்று விலக்கப்படான், அவனுக்கேற்ற வேறு பணி தரப்படும் என்னும் உறுதியை ஆசான் முன்னரே அளித்தல் வேண்டும். எதிரியின் அசைவைக் குறித்தெழுதல், இளையோர்க்குக் காலடி திருத்தல், நடுவர் விதிகளைக் கற்றல் எனக் கிடந்தும் நின்றும் செய்யத்தக்க பணிகள் கலைக்கூடத்திற் பலவுள. பள்ளிகளில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் வாரம் ஒருமுறையேனும் மாணவர் ஒவ்வொருவரிடமும் முதுகு பற்றிக் கேட்டலை வழக்கமாகக் கொள்வாராயின், எத்தனையோ ஊறுகள் முளையிலேயே அறியப்படும்.

வள்ளுவர் கூறிய நான்கு வலிகளும் முதுகு நொந்த மல்லனுக்கு இவ்வாறு பொருந்துவனவாம். பயிற்சியின் சுமையை அறிதல் செயலின் வலியை அறிதல். தன் முள்ளந்தண்டின் நிலையை அறிதல் தன் வலியை அறிதல். எந்தப் பிடி தன்னை மடிக்கும் என உணர்தல் மாற்றான் வலியை அறிதல். மருத்துவரையும் ஆசானையும் வீட்டாரையும் மறையாது துணைக்கொள்ளுதல் துணைவலியை அறிதல். இந்நான்கனையும் அறிந்தவன் சில மாதம் பிந்தினும் களத்துக்கு மீள்வான். களத்துக்கு மீளாவிடினும், தன் குழந்தையைத் தோளில் ஏற்றிக் கோயிற் படிக்கட்டில் நடக்கும் முதுகினை இழவான். மலைநாட்டில் உழைத்து வாழும் குடும்பத்துக்கு எந்த வெற்றிப் பதக்கத்தினும் அம்முதுகே பெருஞ்செல்வம் என்பதனை மாணவரும் அவரைப் பயிற்றுவோரும் நெஞ்சிற் கொள்வாராக.